களத்தில் பிரிந்த நெல்: திருமுக்கூடல் வட்டாரத்தின் உணவு வரலாறு

பாலாறு, செய்யாறு, வேகவதி என்னும் மூன்று ஆறுகள் கூடும் இடத்தில், பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது திருமுக்கூடல். எதிர்க்கரையில் பழையசீவரம் மலை. காஞ்சிபுரம் வடமேற்கிலும் உத்திரமேரூர் தெற்கிலும் உள்ளன. மூன்று ஆறு கூடினாலும் ஆற்றுநீரை நம்பி ஆண்டு முழுவதும் பயிர் செய்யக்கூடிய ஊர் அல்ல இது. கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் பாலாறு, ஆந்திரத்தைத் தொட்டுக்கொண்டு தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, வயலூர் அருகே கடலில் கலக்கும் வரை ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணலாகவே கிடக்கும். சவ்வாது மலையிலிருந்து வரும் செய்யாறும் காஞ்சியைத் தொட்டு வரும் வேகவதியும் மழைக்காலத்தில்தான் ஓடும். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். அந்தச் சில வாரத் தண்ணீரைப் பிடித்து வைத்துப் பத்து மாதம் உண்ண வேண்டும் என்பதே இவ்வட்டார மக்களின் முன்னிருந்த கணக்கு. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இங்கு நடந்த உணவு ஏற்பாடுகள் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்து பிறந்தவை.

அதற்கு இருவகை வழி இருந்தது. ஒன்று, ஊற்றுக்கால். ஆறு வறண்ட பிறகும் மணலுக்கடியில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். ஆற்றுப் படுகையில் மணலை வெட்டிக் கால் எடுத்து, கசியும் நீரைச் சரிவின் போக்கிலேயே கொண்டுபோய் வயலில் விடுவார்கள். மணல் சரிந்து மூடும். ஆண்டுதோறும் ஊரே திரண்டு தோண்ட வேண்டும். இதற்கு ஏற்றம் வேண்டாம், மாடு வேண்டாம். ஊர் ஒற்றுமையும், படுகையில் போதிய உயரத்துக்கு மணலும் இருந்தால் போதும். இரண்டாவது வழி, ஏரி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். மதுராந்தகம், தென்னேரி, உத்திரமேரூர் போன்ற பேரேரிகளுக்கு இடையில் சிற்றேரிகளும் தாங்கல்களும் சங்கிலியாகக் கோக்கப்பட்டிருந்தன. மேலேரி நிறைந்து கலங்கல் வழியாக வழியும் நீர் கீழேரிக்கு வரத்து. ஆகவே ஓர் ஊரின் ஏரி கெட்டால் கீழே உள்ள ஊரின் சோறும் கெடும். ஓர் ஊர் மட்டும் தனித்து வாழ முடியாதபடி நீரே வட்டாரத்தை ஒன்றாகக் கட்டியிருந்தது.

இந்தப் பிணைப்பை நடத்தும் விதிகள் உத்திரமேரூரில் கல்லில் உள்ளன. எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் பிரமதேயமாக உருவான ஊர் அது. செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து நீர் பெறும் அதன் பெரிய ஏரிக்கு வைரமேக தடாகம் என்று பெயர். வைரமேகன் என்பது தந்திவர்ம பல்லவனின் விருதுப்பெயர். அந்த ஏரி இன்றும் 5,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. பல்லவர் காலத்திலும் சோழர் காலத்திலும் பொன்னையோ நெல்லையோ சபையிடம் முதலாக ஒப்படைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் தூர் எடுக்கச் செய்தவர்கள் பலர். கோயில் விளக்குக்குக் கொடை வைப்பது போலவே ஏரித் தூருக்கும் கொடை வைத்தார்கள்; இரண்டும் அறம் என்றே எண்ணப்பட்டது.

முதலாம் பராந்தகனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளைச் சேர்ந்த, கி.பி. 919, 921 என்று கணிக்கப்படும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலுக்காகப் புகழ் பெற்றவை. இவற்றைச் சனநாயகச் சின்னமாகக் கொண்டாடுவோர் பலர். அந்த வாரியங்கள் எதற்காக அமைக்கப்பட்டன என்று பார்ப்போர் குறைவு. 30 குடும்புகளிலிருந்து தேர்ந்தவர்களில் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். பஞ்சவார வாரியமும் பொன் வாரியமும் தனியே இருந்தன. தோட்டம், ஏரி, நெல், பொன் ஆகியவற்றின் ஆளுகைதான் ஊராட்சி. வாரியத்தின் ஆயுள் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். ஏரிப் பணத்துக்குக் கணக்குக் காட்டாதவரின் உறவினருக்கும் தகுதி இல்லை என்ற விதியின் கடுமையை இன்றைய பாசனச் சங்கங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். அதே கல்வெட்டு, வரி கட்டும் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதப் பயிற்சியும் உடையவருக்கே இடம் தந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பெண்களுக்கும் உழுதவர்களுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை.

விளைந்த நெல் எங்கே போயிற்று, யார் உண்டார்கள் என்பதைத் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயில் சொல்கிறது. பல்லவர் காலத்திலேயே இருந்த கோயில் இது. நிருபதுங்கவர்மனின் ஆட்சிக்காலக் கல்வெட்டு இங்கு உண்டு. ஆயினும் இதன் பெருமை, வீரராசேந்திர சோழனின் 5-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1060-களின் இறுதியில், சுவரில் வெட்டப்பட்ட நெடிய கல்வெட்டால் வந்தது. 1915-இல் படியெடுக்கப்பட்ட இக்கல்வெட்டைக் கே.வி. சுப்பிரமணிய ஐயர் பதிப்பித்தார். பத்துப் பதினைந்து வரியில் முடியும் வழக்கமான கொடைக் கல்வெட்டு அன்று. ஒரு நிறுவனத்தின் ஓராண்டு வரவு செலவுத் திட்டம் முழுவதுமே கல்லில் ஏறியிருக்கிறது.

வரவு வயலைக்காவூர் என்னும் ஊரின் வருவாய். இன்று வயலக்காவூர் என வழங்கும் அந்த ஊர் உத்திரமேரூர் வட்டாரத்திலேயே இருக்கிறது. செலவுப் பட்டியலில் கோயிலின் அமுதுபடி, விழாக்கள், அவற்றோடு சனநாதன் மண்டபத்தில் இயங்கிய ஒரு பள்ளி, அதன் விடுதி, வீரசோழன் என்னும் பெயர் கொண்ட ஆதுலர் சாலை ஆகியவை வருகின்றன. பள்ளியில் இருக்கு வேதம் கற்பவர் 10 பேர், யசுர் வேதம் 10, இலக்கணம் 20, பாஞ்சராத்திரம் 10, மற்றவர்களையும் சேர்த்து மொத்தம் 60 பேருக்கு நாள்தோறும் உணவு. படுக்கப் பாய், இரவில் விளக்கு, ஆண்டின் 51 சனிக்கிழமைகளில் எண்ணெய்க் குளியல் எல்லாவற்றுக்கும் ஒதுக்கீடு இருந்தது. ஓர் ஊரின் நெல் இன்னோர் ஊரின் மாணவர்களுக்குச் சோறாயிற்று. இடையில் வணிகன் இல்லை, தொலைதூரச் சந்தை இல்லை.

ஆதுலர் சாலையின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 15 நோயாளிகளுக்குப் படுக்கை. ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவை மருத்துவருக்கு 30 கலம். மூலிகையும் விறகும் கொண்டுவரும் இருவருக்கு 60 கலம், 2 காசு. மருந்து சமைத்துக் கொடுக்கும் பெண்கள் இருவருக்கு 30 கலம், 1 காசு. நாவிதருக்கு 15 கலம். இந்த எண்களைத் தினக் கணக்காக மாற்றிப் பார்த்தால் ஏற்பாட்டின் உள்நோக்கு விளங்கும். ஒரு கலம் 12 குறுணி, ஒரு குறுணி 8 நாழி, ஆண்டு 360 நாள். அப்படியானால் மருத்துவருக்கு நாளுக்கு 3 குறுணி, அறுவை மருத்துவருக்கு 1 குறுணி, மூலிகை கொணர்பவருக்கு ஆளுக்கு 1 குறுணி, மருந்துப் பெண்களுக்கும் நாவிதருக்கும் ஆளுக்கு 4 நாழி. சம்பளம் என்பது பணமாக இல்லாமல் அன்றாடம் அளந்து கொடுக்கும் நெல்லாகவே எண்ணப்பட்டது. மூலிகை தேடிக் காட்டுக்குப் போகிறவருக்கும் கத்தி பிடிக்கும் மருத்துவருக்கும் ஒரே அளவு நெல் என்பது இக்காலத்தவரை வியக்க வைக்கும். ஏற்றத்தாழ்வும் இருந்தது: மருத்துவர் பெற்றது மருந்துப் பெண் பெற்றதைப் போல ஆறு மடங்கு.

மேலே சொன்ன ஊழியர்களுக்கு மட்டும் ஆண்டுக்கு 225 கலம். நோயாளிகளின் அரிசியையும் சேர்க்கலாம். சோழர் காலக் கல்வெட்டுகளில் ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்பது பரவலாகக் காணப்படும் விகிதம். அதன்படி 15 பேரின் ஓராண்டு அரிசிக்கு ஏறத்தாழ 140 கலம் நெல் வேண்டும். ஆக 365 கலம் அளவு நெல் ஒரு சிறு மருத்துவமனையின் சோற்றுச் செலவையும் ஊழியச் செலவில் பெரும்பகுதியையும் தாங்கியது. அண்டை ஊர் ஒன்றின் ஏரியும் வயலும் ஒழுங்காக இருந்தவரை இந்த மருத்துவமனை மூடப்பட வேண்டியதில்லை. ஏரி உடைந்தால் நோயாளிக்குக் கஞ்சி இல்லை. உணவு, நீர், நலவாழ்வு மூன்றையும் தனித்தனித் துறையாகப் பிரிக்காத ஏற்பாடு அது.

மருந்துப் பட்டியலும் உணவு வரலாற்றுக்கு உரியதுதான். வாசா அரீதகி, கோமூத்திர அரீதகி, தசமூல அரீதகி, பில்வாதி கிருதம், கல்யாணக லவணம், பழைய நெய் என ஏறத்தாழ 20 மருந்துகள் ஓராண்டுக்கு இருப்பு வைக்கப்பட்டன. பெயர்கள் வடமொழியில் இருந்தாலும் பொருள்களில் பல உள்ளூரில் கிடைப்பவை: வேலியோரம் வளரும் ஆடாதோடை, கோயில்தோறும் நிற்கும் வில்வம், வரப்பில் விதைக்கும் ஆமணக்கு, மாட்டுக் கொட்டிலின் நெய்யும் கோமூத்திரமும். ஒரு வட்டாரத்தில் நெல் மட்டும் விளைந்தால் இந்தப் பட்டியல் நிறையாது. காடு, மேய்ச்சல் நிலம், கரை, வரப்பு எல்லாம் உயிரோடு இருந்ததற்கு இதுவே சான்று. சோழர் காலத்தில் கோயிலின் நந்தா விளக்குக்கு 90 ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகளாக இடையர்களிடம் ஒப்படைத்து, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் பெறும் வழக்கம் தமிழகம் எங்கும் இருந்தது. ஆடு செத்தாலும் மூத்தாலும் மந்தையின் எண்ணிக்கையை இடையர் குறையாமல் காக்க வேண்டும். முதலைத் தொடாமல் விளைவை மட்டும் உண்ணும் ஒழுங்கு இது.

இத்தனையையும் பார்த்துப் பொற்காலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வயலைக்காவூரில் நாற்று நட்ட கைகளைப் பற்றி அந்த நெடிய கல்வெட்டில் பேச்சே இல்லை. பள்ளியில் உண்ட 60 பேரும் வேதமும் ஆகமமும் கற்கும் உரிமை பெற்றவர்கள். நெல்லை விளைவித்தவர்களின் அன்றாட உணவு நெல்லன்று. மேட்டு நிலத்தில் விளைந்த கேழ்வரகும் கம்பும் வரகும் சாமையும். அவர்கள் வீட்டுக் கூழ் எந்தக் கோயில் சுவரிலும் எழுதப்படவில்லை. ஆடி மாதம் மாரியம்மன் கோயில்களில் ஊற்றும் கூழ்தான் அந்த இன்னொரு உணவு வரலாற்றின் நினைவு.

கோயிலும் நகரமும் உண்ட உணவில் வட்டார முத்திரை ஒன்று தங்கியது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் மூங்கில் குடலையில் மந்தாரை இலை வைத்து, மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து அவிக்கும் இட்லி, அரிசியும் உளுந்தும் நெய்யும் சுற்றுவட்டத்திலிருந்தே வந்த காலத்தின் பண்டம். அந்த வரதர் தை மாதம் மாட்டுப் பொங்கலன்று பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருள்கிறார். அன்றே பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கும் வருகிறார். பழையசீவரம் நரசிம்மர், சாலவாக்கம், காவாந்தண்டலம் பெருமாள்கள், திருமுக்கூடல் பெருமாள் என ஐந்து பெருமாள்கள் கூடும் திருநாள் இது. சம்பா அறுவடையை ஒட்டிய நாளில் ஆற்றின் இருகரை ஊர்களும் ஒரே இடத்தில் கூடுவது, வட்டாரம் தன்னைத் தானே ஒன்றாகப் பார்த்துக்கொள்ளும் நாளாகவும் இருந்திருக்க வேண்டும்.

விசயநகர, நாயக்கர் காலங்களில் நிலவுரிமைகள் பலமுறை கைமாறின. உணவுப் பங்கீட்டின் அடுத்த தெளிவான படம் பதினெட்டாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. 1763-இல் ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, செங்கல்பட்டுப் பகுதியைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். தன் கைக்கு வந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்று அறிய, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளரைக் கொண்டு 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களைக் கம்பெனி அளக்கச் செய்தது. வீடுகள், ஏரிகள், நன்செய், புன்செய், மானியங்கள், விளைச்சல், பங்கு என எல்லாம் அதில் பதிவாயின. இவற்றுக்கு மூலமான தமிழ் ஓலைக் கணக்குகளில் ஒரு பகுதியும் பிழைத்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வரலாற்று ஆய்வாளர் தரம்பால் இவற்றின் மீது கவனம் ஈர்த்தார். சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஜே.கே. பஜாஜ், எம்.டி. சீனிவாஸ் முதலியோர் பின்னர் விரிவாக ஆராய்ந்தனர்.

அந்தக் கணக்குகள் காட்டும் முறையின் மையம் களம். நெல் அடித்துத் தூற்றிக் குவித்த பிறகு அரசுக்கு இவ்வளவு, குடிக்கு இவ்வளவு என்று வாரம் பிரிப்பது கடைசி வேலை. அதற்கு முன்பே, அளக்காத பொலியிலிருந்தும் அளந்த பொலியிலிருந்தும் பலருக்குப் பங்கு எடுத்துவைக்கப்படும். இந்தப் பங்குகளுக்கு மேரை, சுதந்திரம் என்று பெயர். கணக்குப்பிள்ளை, தலையாரி, வெட்டியான், தச்சர், கொல்லர், குயவர், வண்ணார், நாவிதர், ஏரி நீரை வயலுக்குப் பாய்ச்சும் நீர்க்கட்டி, கோயில், சத்திரம், பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் என்று பட்டியல் நீளும். ஏரி பராமரிப்புக்கும் தனியே மேரை உண்டு. சிலருக்கு இதற்கு மேல் வரியில்லா மானிய நிலமும் இருந்தது.

இந்த ஒழுங்கின் வலிமை வரிசையில் இருந்தது. அரசு கேட்பதற்கு முன் ஊரின் தேவை பிரிந்துவிடும். விளைச்சல் நன்றாக இருந்தால் எல்லோருக்கும் கூடும். மோசமானால் எல்லோருக்கும் குறையும். பானை செய்பவருக்கும் சவரம் செய்பவருக்கும் சந்தை விலை என்ன என்ற கவலை இல்லை; ஏரி நிறைந்ததா என்ற கவலை உண்டு. ஆகவே ஏரியின் மீது நிலம் உள்ளவருக்கு மட்டுமல்ல, நிலம் இல்லாத கைவினைஞருக்கும் அக்கறை இருந்தது. உள்ளூர் உணவு அமைப்பு என்று இன்று பேசப்படுவதன் உண்மையான அடிப்படை இதுதான். உள்ளூரில் விளைந்ததை உள்ளூரில் விற்பது அதன் ஒரு சிறு பகுதி. விளைச்சலில் முதல் உரிமை யாருக்கு என்பதே முதன்மையான கேள்வி.

அதன் பலவீனமும் அதே களத்தில் நின்றது. பங்கின் அளவைச் சாதி தீர்மானித்தது. மிராசுதாரர் என்னும் காணியாட்சிக்காரர்களின் கீழ், தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்ட படியாள்கள் உழுதார்கள். பெரும்பாலும் பறையர் குலத்தினரான அவர்களுக்குக் கிடைத்தது அன்றன்று அளந்த படியும் அறுவடையில் சிறு பங்கும். குடியிருந்த மனைகூட அவர்களுடையது அல்ல. சென்னைக் கலெக்டராக இருந்த எப்.டபிள்யூ. எல்லிஸ் 1810-களில் எழுதிய மிராசு பற்றிய ஆய்வு, காணியாட்சியின் உரிமைகளை விரிவாக விளக்குகிறது. அதைப் படிப்பவர், உரிமை ஏதும் இல்லாதவர் யார் என்பதையும் அதிலேயே அறியலாம்.

களத்தின் ஒழுங்கு ஒரே நாளில் சிதையவில்லை. 1780-இல் ஐதர் அலியின் படை கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கியபோது செங்கல்பட்டுச் சீமை சூறையாடப்பட்டது. ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் உடைந்து கிடந்தன, பஞ்சம் தொடர்ந்தது. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் ஏரிகளைப் பழுது பார்த்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் கலெக்டர் துரை இவர்தான். அதே பிளேஸ், அரசின் பங்கை உயர்த்தவும் மேரைகளையும் மானியங்களையும் குறைக்கவும் முனைந்தவர். ஏரியைச் செப்பனிட்ட கையே ஏரியைப் பராமரிக்கும் ஊரின் வருவாயை எடுத்துக்கொண்டது. 1802-இல் கொண்டுவந்த ஜமீன் முறை இங்கு நிலைக்கவில்லை. பின்னர் ரயத்துவாரி வந்தது. களத்தில் நெல்லாகப் பிரிந்தது, கச்சேரியில் பணமாகக் கட்டும் தீர்வையாயிற்று. மழை பொய்த்தாலும் பணம் கட்ட வேண்டும். பணத்துக்காக அறுவடையானதும் நெல்லை விற்க வேண்டும்; எல்லோரும் ஒரே நேரத்தில் விற்கும்போது விலை விழும்.

ஏரிகளின் நிலையும் இதோடு சேர்ந்து மாறியது. ஏரி மேரை நின்றது. பெரிய ஏரிகள் 1858-இல் அமைந்த பொதுப்பணித் துறையின் கைக்குச் சென்றன. அதே ஆண்டு வந்த கட்டாய உழைப்புச் சட்டம், ஊரார் சம்மதத்தோடு செய்துவந்த குடிமராமத்தைத் தண்டனை சொல்லி வாங்க முயன்றது. உரிமையை எடுத்துவிட்டுக் கடமையை மட்டும் கேட்டால் யார் மண்வெட்டி எடுப்பார்கள்? 1876-78 பெரும்பஞ்சம் வந்தபோது சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மடிந்தனர். அந்த ஆண்டுகளிலும் துறைமுகம் வழியே தானியம் வெளியே போய்க்கொண்டிருந்தது. நெல் முதலில் சேர வேண்டிய இடம் ஊர்க்களம் என்ற நிலை மாறி, விலை கூடிய இடம் என்றாகிவிட்டதன் விளைவு அது.

படியாள்களின் வாழ்வை அரசு ஆவணத்தில் விரிவாக எழுதியவர் செங்கல்பட்டு மாவட்டத்தின் கலெக்டர் ஜே.எச்.ஏ. டிரெமென்ஹீர். 1891-இல் அவர் அளித்த அறிக்கையின் பேரில் 1892-இல் சென்னை அரசு தரிசு நிலங்களைத் தாழ்த்தப்பட்டோருக்கு ஒப்படைக்க ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என்று வழங்கும் இந்த நிலங்களைப் பிற சமூகத்தார் வாங்கக் கூடாது என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் பெரும்பகுதி கைமாறியது. 1994-இல் இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் காரணை ஊரின் பஞ்சமி நிலத்தை மீட்க நடந்த போராட்டத்தில், அக்டோபர் 10-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர். உழுபவருக்கு நிலமில்லாத உணவு அமைப்பை நிலைத்த அமைப்பு என்று சொல்ல முடியாது. சோழர் காலத்து ஏற்பாட்டை மீட்டெடுக்க விரும்புவோர் இந்த இடத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது.

இருபதாம் நூற்றாண்டில் மாற்றங்கள் விரைந்தன. புன்செயில் கேழ்வரகும் கம்பும் இருந்த இடத்தை மல்லாட்டையும் கரும்பும் பிடித்தன. எண்ணெய் இன்ஜினும் பிறகு மின் மோட்டாரும் வந்தபின் ஏரி நம்பிக்கை குறைந்தது. கிணறு உள்ளவர் ஏரிக்கரைக் கூட்டத்துக்கு வரவேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. 1960-களின் பிற்பகுதியில் ஐ.ஆர். 8 முதலான குட்டை ரகங்கள் பரவின. சொர்ணவாரி, சம்பா, நவரை என்ற மூன்று பட்டமும் இன்றும் வழக்கில் உண்டு. ஆனால் ஒவ்வொரு பட்டத்துக்கும் உரிய பழைய ரகங்கள், செங்கல்பட்டுச் சிறுமணி, பூங்கார், குள்ளக்கார், ஏரி நிலத்துக்கு ஏற்ற நீலஞ்சம்பா போன்றவை, வயலிலிருந்து மறைந்தன. விளைச்சல் கூடியது, பசி குறைந்தது; அந்த நன்மையைக் குறைத்துப் பேசுவது நியாயமல்ல. 1972-இல் தொடங்கிய தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகமும், எல்லோருக்குமான ரேஷனும், 1982-இல் விரிந்த சத்துணவும், கல்வெட்டுக் காலத்தில் 60 பேருக்குக் கிடைத்த உணவைச் சாதி பாராமல் கோடிக்கணக்கானோருக்குக் கொண்டு சென்றன. இந்த வரலாற்றில் மிகப் பெரிய அறம் இதுவே.

ஆனால் அறம் பெருகியபோது வட்டாரம் விடுபட்டது. ஊர் நெல் நேரடிக் கொள்முதல் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து கிடங்குக்கும் ஆலைக்கும் சென்று, வேறெங்கோ விளைந்த அரிசி ஊர் ரேஷன் கடைக்குத் திரும்புகிறது. ஏரி வற்றினாலும் தட்டில் சோறு இருக்கும் என்ற பாதுகாப்பு பெரிது. அந்தப் பாதுகாப்பு கிடைத்த தலைமுறையில் ஏரியைக் கவனிக்கும் காரணமும் தளர்ந்தது.

பாலாற்றின் மணல் கட்டடங்களுக்குப் போனது இதன் அடுத்த அடி. மணலை அள்ள அள்ளப் படுகை தாழ்ந்தது. ஊற்றுக்கால்களின் தலைப்பு உயரத்தில் நிற்க, நீர் கீழே இறங்கிவிட்டது. சரிவின் போக்கில் தானாக வந்த நீரை இப்போது குதிரைத்திறன் கொண்டு இறைக்க வேண்டும். திருமுக்கூடலைச் சுற்றியுள்ள குன்றுகளில் கல்குவாரிகளும் கிரஷர்களும் இயங்குகின்றன. அவற்றின் தூசி பயிரின் மேல் படிகிறது. குன்றிலிருந்து ஏரிக்கு வரும் வரத்துக்கால்கள் மறிக்கப்பட்டால் தூர் எடுப்பதால் மட்டும் ஏரி நிறையாது.

மீட்பு முயற்சிகளும் இந்த மண்ணிலேயே நடக்கின்றன. 1995-இல் தொடங்கிய இந்திய அறிவுமுறைகள் மையம், பழைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுக்கான்கொல்லையில் பண்ணை அமைத்து, மறைந்துகொண்டிருந்த நெல் ரகங்களைச் சேகரித்து உழவர்களிடம் பரப்பியது. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வாரின் பயணங்களும், டெல்டாவில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாக்களும் வட மாவட்ட உழவர்களையும் எட்டின. 2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு குடிமராமத்துத் திட்டத்தை ₹100 கோடி ஒதுக்கி இதே மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில் தொடங்கியது. பழையசீவரம் அருகே பாலாற்றில் தடுப்பணை கட்டப்பட்டிருக்கிறது. 2023 மார்ச்சில் இயற்கை வேளாண் கொள்கை வெளியானது. 2022 செப்டம்பரில் தொடங்கிய பள்ளிக் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆண்டே மாநிலம் முழுவதுமுள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது.

இவற்றில் ஒன்று இன்னொன்றோடு சேரவில்லை என்பதே இன்றைய நிலை. ஏரி ஒரு துறையின் பொறுப்பு, கொள்முதல் இன்னொன்றின் பொறுப்பு, விதை மூன்றாவதின் பொறுப்பு, பள்ளிச் சமையல் நான்காவதின் பொறுப்பு. பூங்காரோ சிறுமணியோ விளைவிக்கும் சிறு உழவர், சென்னையில் அதிக விலை கொடுத்து வாங்கும் குடும்பத்தைத் தேடுகிறார். அவர் வயலை அடுத்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் தட்டுக்கு அந்த அரிசி போக வழி இல்லை. உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரங்களின் கொள்முதலில் ஒரு பகுதியை அந்தந்த வட்டாரப் பள்ளிச் சமையலுக்கும் ரேஷனுக்கும் முதலில் ஒதுக்குவது, நிர்வாகத்துக்குக் கடினமான காரியமல்ல. அந்தக் கொள்முதலில் குத்தகைக்கு உழுபவரும் பஞ்சமி நிலம் மீண்டு கிடைத்தவரும் நில உடைமையாளருக்கு இணையாக இடம் பெற வேண்டும். வரத்துக்கால்களை மறிக்கும் குவாரிக் கழிவும் ஆக்கிரமிப்பும் முதலில் அகற்றப்பட வேண்டும். ஏரிக்குச் செலவிட்ட பணத்தின் கணக்கை ஆண்டுதோறும் கிராம சபையில் வாசிக்க வேண்டும். அதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.